ஸ்ம்ருதியின் தாடைக்கு ஒரு திறப்பு விழா

ராஜகீழ்ப்பாக்கத்தில் டைல்ஸ், பைப் கடை வைத்திருக்கும் ஏகநாதன், மகளின் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வரத்தான் அன்றைக்குக் கிளம்பினார். உயராய்வு மையம் எதையும் திறந்துவைக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை. பிற்பாடு அங்கே நடந்ததைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மகள் ஸ்ம்ருதிக்கு ஆறரை வயது. பெயர் வைத்தது மனைவி சுபத்ரா. ஏகநாதன் வாயில் அது 'சுமுருதி' என்றுதான் வரும். குழந்தைக்குக் கீழ்த்தாடையின் இடப்பக்கம் ஒரு பால் பல் சொத்தையாகி, ஈறில் சீழ் கோத்து, கன்னம் பன்னு மாதிரி உப்பிவிட்டது. பால்கூடக் குடிக்க முடியவில்லை. வழக்கமாகப் பார்க்கும் மாடம்பாக்கம் பல் டாக்டர் குடும்பத்தோடு திருப்பதி போயிருந்தார்.

"கேளம்பாக்கம் ரோட்டுல பெரிய பல் காலேஜ் ஒண்ணு கீதே, அங்க இட்டுகினு போங்க. வலியே இல்லாம ஊசி போடறாங்களாம். வேன்ல மைக் கட்டிச் சொல்லிகினு போனாங்க" என்றாள் சுபத்ரா.

அது பூர்ணோதயா பல் மருத்துவக் கல்லூரி. வண்டலூரைத் தாண்டி, முன்பு ஏரி இருந்த பக்கமாகப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். ஏகநாதன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பின்பக்கத்தில் இருந்த பழைய ஓ.பி.க்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே டாக்டர் அருள்மேரி என்று ஒரு உதவிப் பேராசிரியை. ஒல்லியான உடம்பு, வேகமான கை. குழந்தையை எடை மெஷினில் நிறுத்தினார், வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார், ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தார்.

"பால் பல்லுதான் சார். எடுத்துடலாம். தாடை எலும்புக்கு உள்பக்கம் நரம்பு நுழையற ஓட்டை ஒண்ணு இருக்கு. அது பக்கத்துல மருந்து போட்டா பாதித் தாடை மரத்துடும். பெரியவங்களுக்கு அந்த ஓட்டை பல் வரிசைக்கு மேல இருக்கும். சின்னக் குழந்தைங்களுக்குக் கீழ இருக்கும். வளர வளர ஏறிக்கிட்டே போகும். அதனால இவளுக்கு ஊசியைக் கொஞ்சம் இறக்கிப் போடணும். அவ்ளோதான் விஷயம்."

ஏகநாதனுக்கு உடனே பிடிபட்டது. சுவருக்குள் பைப் எங்கே போகிறது என்று தெரியாமல் டிரில் போட்டவர்களின் கதையை அவர் தினமும் கடையில் கேட்கிறவர்.

"சீக்கிரம் முடிஞ்சுடுமா டாக்டர்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு ஜெபகுமார் வந்தார். கல்லூரியின் மக்கள் தொடர்பு அலுவலர். கோட்டில் ரோஜா, கையில் பூங்கொத்து, காதில் செல்போன். குழந்தையின் வீங்கிய கன்னத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர்! வீக்கம் கேமராவுல நல்லா விழும். டாக்டர், இந்தக் குழந்தையைத் தொடாதீங்க. இவதான் நம்ம முதல் குழந்தை!"

"எனக்கும் இவதான் சார் மொதக் கொழந்த" என்றார் ஏகநாதன், ஒன்றும் புரியாமல்.

விஷயம் இதுதான். அன்று புதுக் கட்டடத்தில் 'குழந்தைகள் தாடை வளர்ச்சி மற்றும் வலியில்லா மரப்பு உயராய்வு மையம்' திறக்கிறார்கள். அகில பாரதத் தாடை நலப் பேரவையின் தலைவர் அச்சுதன் விமானத்தில் வந்து இறங்குகிறார். அவர் ரிப்பன் வெட்டியதும் அவர் கண்ணெதிரே ஒரு குழந்தைக்கு வலியில்லாமல் ஊசி போட்டுப் பல்லை எடுக்கவேண்டும். ஏற்பாடு செய்திருந்த குழந்தைக்குக் காலையில் அம்மை போட்டுவிட்டது; மைக்கில் அத்தனை தடவை விளம்பரம் செய்தும் வேறு குழந்தை கிடைக்கவில்லை.

"எல்லாம் ஃப்ரீ சார். போட்டோ, வீடியோ, சர்ட்டிபிகேட்டு. அரை மணி நேரம்தான்."

ஏகநாதனுக்கு இலவசம் பெரிதில்லை. உயராய்வு மையம் என்றால் இன்னும் நன்றாகப் பிடுங்குவார்கள் என்று நினைத்துவிட்டார். அவர் செய்த ஒரே தப்பு அது. ஊசி போடும் பொறுப்பு அருள்மேரிக்கு என்று சொல்லி அவரையும் கூடவே அழைத்துக்கொண்டார்கள்.

புதுக் கட்டடத்தின் அரங்கத்தில் மேடை. மேடை நடுவே இறக்குமதி செய்த பல் நாற்காலி. நாற்காலிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பனை வெட்டும்வரை யாரும் நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆனால் ரிப்பன் வெட்டும்போது அதில் குழந்தை உட்கார்ந்திருக்கவேண்டும். இந்தச் சிக்கலை இரண்டு அதிகாரிகள் விவாதித்து, கடைசியில் ஸ்ம்ருதியை ரிப்பனுக்கு அடியில் நுழைத்து உட்காரவைத்தார்கள்.

"அப்பா, பஸ்ஸுல கம்பி மாதிரி கீதுப்பா" என்றாள் அவள்.

அருள்மேரி கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். அங்கே மூன்று துறைத் தலைவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தவர் வாய் அறுவைத் துறை. "தாடை எங்க டிபார்ட்மென்ட். யாரைக் கேட்டு ஊசி போடறீங்க?"

"குழந்தை எங்களுது" என்றார் குழந்தைப் பல் துறை. "பதினாலு வயசு வரைக்கும் தாடையும் சேர்த்து எங்களுது."

"தாடையும் குழந்தையும் யாருதா வேணும்னாலும் இருக்கட்டும்" என்றார் உடற்கூறுத் துறை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "அந்த ஓட்டை எங்களுது. ஓட்டைங்கறது எலும்பு இல்லை, எலும்பு இல்லாத இடம். அதனால அறுவைத் துறை உரிமை கோர முடியாது."

ஏகநாதனுக்கு இது பழக்கப்பட்ட சங்கதி. அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வரப்புக்காகப் பதினோரு வருஷம் தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் அலைந்தவர்கள். இப்போது அந்த வரப்பின்மேல் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.

"ஒரு சர்வேயரைக் கூப்ட்டு அளந்துடலாமே சார்" என்றார் உதவியாக.

மூவரும் அவரை மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். அளந்தாகிவிட்டதாம். 'தாடைத் துளை உயர நிர்ணயக் குழு' என்று ஒன்று போட்டு, பல தாடைகளை ஆராய்ந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு ஊசி எந்த உயரத்தில் போகவேண்டும் என்று போன வருஷமே தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள்.

"அப்புறம் இன்னா சார்? போட வேண்டிதுதானே?"

"உங்க பொண்ணுக்கு ஆறரை ஆகுதே" என்றார் உடற்கூறுத் துறை, வருத்தத்தோடு. "ஆறுக்கு ஒப்புதல் இருக்கு. ஏழு பரிசீலனையில இருக்கு. ஆறரைக்கு எதுவுமே இல்லை."

"ஆறு வயசுல வந்திருக்கலாம்" என்றார் அறுவைத் துறை.

"அப்போ பல்லு வலிக்கலையே சார்."

"அதான் பிரச்சினை" என்று பெருமூச்சு விட்டார் குழந்தைப் பல் துறை. "குழந்தைங்க வளர்றதுதான் எங்க டிபார்ட்மென்டோட பெரிய நிர்வாகச் சிக்கல். நாங்க ஒரு அளவை முடிவு பண்ணி, மினிட்ஸ் எழுதி, கையெழுத்து வாங்கறதுக்குள்ள வளர்ந்துடறாங்க."

அருள்மேரி குறுக்கே வந்தார். "சார், எக்ஸ்ரே இருக்கு. விரலை வெச்சுப் பார்த்தாலே தெரியும். நான் போட்டுடறேன்."

"விரலா?" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

டீன் ஸ்ரீநிவாசராகவன் வந்துதான் தீர்ப்புச் சொன்னார். வெள்ளை வெளேரென்ற கோட்டு, நெற்றியில் ஒற்றைத் திருமண் கோடு, மேடைப் பேச்சுக்கென்றே அமைந்த குரல். விழா முடியும்வரை குழந்தைக்கு ஆறு வயதுதான் என்று அவர் அறிவித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஸ்ம்ருதி மட்டும், "எனக்கு ஆறரை" என்றாள். அதைப் பதிவு செய்யவில்லை.

அந்த நேரம் ஜெபகுமார் ஓடிவந்தார். "தலைவர் கார் வண்டலூரைத் தாண்டிடுச்சு!"

"ஊசியைப் போடுங்க" என்றார் டீன். "அவர் நுழையும்போது தாடை தயாரா இருக்கணும்."

"போட்டா உடனே எடுத்துடணும் சார். குழந்தைக்கு ரொம்ப நேரம்..."

"அம்மா, வண்டலூர்! இந்தா, இங்க இருக்கு வண்டலூர்."

அருள்மேரி போட்டார். ஈறில் மருந்தைத் தடவி, கன்னத்தை மெல்ல ஆட்டிக்கொண்டே, பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே, ஊசியை இறக்கிப் போட்டார். ஸ்ம்ருதி ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில், "உதடு காணாமப் போயிடுச்சுப்பா" என்று சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வலி இல்லை. ஏகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வண்டலூரைத் தாண்டியது தலைவருடைய பெட்டியை ஏற்றி வந்த கார். தலைவர், வெள்ளிக்கிழமையானதால் பல்லாவரம் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

இடைப்பட்ட நேரத்தை வீணாக்கவேண்டாம் என்று டீன் பேச ஆரம்பித்தார்.

"வலி என்றால் என்ன? வலி என்பது நோயாளியின் சொந்தக் கருத்து. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு கல்வி நிறுவனம் தனிநபர் கருத்துகளின் அடிப்படையில் இயங்க முடியாது. இந்த மையத்தில் இன்றுவரை ஒரு குழந்தைகூட அழுததில்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்!"

கைதட்டல். "இன்னைக்குத்தான் சார் திறக்கறாங்க" என்று அருள்மேரி தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

சுபத்ரா போன் செய்தாள். "புடுங்கியாச்சா?"

"இல்ல. பேசிகினு கீறாங்க."

"பல்லுகிட்டயா?"

டீன் பேசினார். அறுவைத் துறை வாழ்த்துரை. குழந்தைப் பல் துறை, அறுவைத் துறையின் வாழ்த்துரைக்கு மறுப்புரை. உடற்கூறுத் துறை, ஓட்டையின் வரலாறு. தலைவர் குரோம்பேட்டைக்கு வந்தார். தலைவர் தாம்பரத்தில் டிபன் சாப்பிட்டார். ஏகநாதன் உட்கார்ந்தார், எழுந்தார், நாற்காலியைச் சுற்றி வந்தார், மறுபடி உட்கார்ந்தார். மகள் பக்கம் திரும்பினார். அவள் கீழுதட்டில் ரத்தம்.

சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளை, ரப்பர் மாதிரி இருக்கிறதே என்று மரத்த உதட்டை மென்றுகொண்டே இருந்திருக்கிறாள். வலிக்கவில்லை, அதனால் தெரியவில்லை. அருள்மேரி ஓடிவந்து பஞ்சை அழுத்தினார். ஜெபகுமாரும் ஓடிவந்தார், மேக்கப் போடுபவரைக் கூட்டிக்கொண்டு.

உதடு திரும்பி வந்தது. கடித்த இடம் எரிந்தது. பிறகு பல்வலியும் திரும்பி வந்தது. ஸ்ம்ருதி முதலில் சிணுங்கினாள், அப்புறம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"குழந்தை அழுவுது டாக்டர்" என்றார் ஏகநாதன்.

"இன்னும் ரிப்பன் வெட்டலை" என்றார் டீன். "கணக்கில் வராது."

சரியாக அப்போது நாதஸ்வரம் முழங்கியது. தலைவர் அச்சுதன் வந்துவிட்டார். பருத்த உடம்பு, ஜரிகை வேட்டி, கழுத்தில் ஏலக்காய் மாலை. மேடையேறி, அழுகிற குழந்தையைப் பார்த்து, "ஆனந்தக் கண்ணீர்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

டீன் அருள்மேரியிடம் குனிந்தார். "நிகழ்ச்சி நிரல் இது. இப்போ இன்னொரு ஊசி. தலைவர் கையை சிரிஞ்ச்மேல வெச்சு போட்டோ. அப்புறம் குத்துவிளக்கு, தலைவர் உரை, நினைவுப் பரிசு. அதுக்கப்புறம் பல்லு."

"தலைவர் எவ்ளோ நேரம் பேசுவார் சார்?"

"அவர் விருப்பம்."

"அப்படின்னா போட முடியாது சார்."

மேடையில் அந்த மாதிரி வாக்கியம் அதுவரை யாரும் சொன்னதில்லை. டீன் அவரைப் பார்த்தார். அருள்மேரி நிறுத்தவில்லை.

"இவ எடைக்கு இவ்வளவு மருந்துதான்னு ஒரு அளவு இருக்கு. ஒண்ணு வீணாப் போச்சு. இன்னும் ஒண்ணு தாங்குவா. அதுக்கு மேல இன்னைக்குக் கிடையாது. மீறிப் போட்டா வலிப்பு வரும், மூச்சு நிக்கும். அந்த ஒண்ணைப் போட்டா உடனே பல்லை எடுக்கணும். விளக்கெல்லாம் அப்புறம் ஏத்திக்கலாம்."

"எடை எந்தத் துறை?" என்று டீன் திரும்பிக் கேட்டார்.

மூன்று துறைத் தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டைக்காக அடித்துக்கொண்டவர்கள் எடையை ஒருவருக்கொருவர் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள்.

ஏகநாதனுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. 'மூச்சு' என்ற சொல் மட்டும் விழுந்தது. காலையிலிருந்து சார் சார் என்று குனிந்து நின்ற மனிதர், ரிப்பனை இரண்டு கையாலும் பிடித்தார், ஒரே இழுப்பு. சாட்டின் ரிப்பன் படாரென்று அறுந்தது. போட்டோகிராபர்கள் பழக்கதோஷத்தில் படம் எடுத்துவிட்டார்கள். சபை கைதட்டியது.

"இன்னா சார் நெனச்சுகினு கீறீங்க? எம் பொண்ணு வாயி இன்னா கல்யாண மண்டபமா? ஆளாளுக்கு வந்து வெளக்கேத்தறதுக்கு!" மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். "டாக்டரம்மா, அந்த ஒண்ண நீங்க எங்க போடுவீங்களோ அங்க நான் வரேன்."

"சார், அழைப்பிதழ்ல குழந்தை இருக்கு!" என்று ஜெபகுமார் பின்னால் கத்தினார். ஏகநாதன் திரும்பவில்லை. அருள்மேரி ஒரு நிமிஷம் டீனைப் பார்த்தார். பிறகு அவரும் மேடையை விட்டு இறங்கி நடந்தார்.

பழைய ஓ.பி.யில் மின்விசிறி கடகடத்தது. பெஞ்சில் அம்மாக்களும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். டாக்டர்கள் எல்லாரும் விழாவுக்குப் போயிருந்தார்கள். அருள்மேரி அந்த மிச்ச ஊசியைப் போட்டார். உதடு மறுபடி காணாமல் போகிறவரை காத்திருந்தார்.

தாழ்வாரத்துக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் ஜெபகுமாரின் நேர்முக வர்ணனை கேட்டது. "சின்னத் தடங்கலுக்கு வருந்துகிறோம்! இதோ, குழந்தையின் இடத்தில், நம் தலைவர் அவர்களே பெருந்தன்மையோடு நாற்காலியில் அமர்கிறார்! வலியில்லா ஊசியைத் தாமே ஏற்று நாட்டுக்கு வழிகாட்டுகிறார்! டீன் அவர்கள் தம் பொற்கரங்களால், உயர நிர்ணயக் குழுவின் தீர்மானத்தில் ஓர் இம்மியும் பிசகாமல்..."

அருள்மேரியின் கை அப்படியே நின்றது. "ஐயையோ. அது ஆறு வயசுக் குழந்தையோட அளவு."

"போட்டா இன்னா ஆவும்?" என்றார் ஏகநாதன்.

"அவருக்கு ஓட்டை மேல ஏறிப்போய் நாற்பது வருஷம் ஆச்சே சார். கீழ போட்டா தாடை மரக்காது. நாக்குதான் மரக்கும்." அவர் பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார். "ஸ்ம்ருதி, அழுத்தற மாதிரி இருக்கும், வலிக்காது. ஆ காட்டு."

ஏகநாதன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ தட்டில் 'ணங்' என்று விழுந்தது. கண்ணைத் திறந்தார். சோளமுத்து அளவுக்கு ஒரு பல். ஸ்ம்ருதி அதைத்தான் அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் வீட்டையே தூங்கவிடாமல் அடித்தது இந்தத் துக்கடாவா என்று அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"பஞ்சைக் கடிச்சுக்கோ. பேசக் கூடாது" என்றார் அருள்மேரி.

ஒலிபெருக்கி கரகரத்தது. தலைவர் உரையைத் தொடங்கிவிட்டார். "எழ்ழழுமைப் பெழியோழ்களே... வலியிழ்ழா பாழழம்... ழாடையிழ் வழழ்ச்சியே ழாட்டிழ் வழழ்ச்சி..."

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அரங்கத்தில் பலத்த கைதட்டல். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கைதட்டல், சரியான இடங்களில். நடுவே டீனின் குரல் உணர்ச்சிவசப்பட்டு, "கேட்டீர்களா! வலியில்லை என்று தலைவரே தம் வாயால் சொல்லிவிட்டார்!" என்றது. மறுபடி கைதட்டல்.

"மரப்பு போறவரைக்கும் உதட்டைக் கடிக்காமப் பார்த்துக்கோங்க சார்" என்றார் அருள்மேரி, கையுறையைக் கழற்றியபடி. "சூடா எதுவும் வேண்டாம். ஐஸ்கிரீம் குடுங்க."

ஏகநாதன் மகளைத் தூக்கிக்கொண்டார். வாசல்வரை போனவர், மனசு கேட்காமல் நின்றார்.

"டாக்டர், அவரு நாக்கைக் கடிச்சுகினாருன்னா? பாவம், அவருக்கும் தெரியாதே. இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். ரெண்டு மணி நேரம் பேசாம இருந்தாலே போதும்."

இருவரும் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். தலைவர் இரண்டாவது தலைப்புக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

"அதைப் போய் யார் சார் அவர்கிட்ட சொல்றது?" என்றார் அருள்மேரி. பெஞ்சுப் பக்கம் திரும்பி, அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.